மாத்திரையும் காப்புக் கயிறும்

இந்த மாத்திரையை நாக்கில் வைத்ததும் விழுங்கிவிட வேண்டும். கொஞ்சம் தாமதித்தால் போதும், கசப்பு தொண்டைவரை இறங்கிவிடும். அப்புறம் எவ்வளவு சீனி போட்டுத் தேத்தண்ணி குடித்தாலும் போகாது. இன்று காலை தாமதித்துவிட்டேன். விரல் மூட்டெல்லாம் வீங்கி, நான் டம்ளரைத் தூக்குவதற்குள் அது வாயில் கரைந்துவிட்டது. அந்தக் கசப்போடு நீ வந்தாய், மச்சான். நீயும் இதைத்தான் போட்டாய். போட்டுவிட்டு மூஞ்சியைக் கோணிக்கொண்டு, "வேப்பங்கொட்டையே தேவலடா" என்பாய்.

இதை யாரிடம் சொல்வது? றொசல்லவுக்கு மேலே நம் தோட்டத்து லயத்து வரிசை வீடுகளில் உன்னைத் தெரிந்தவன் இப்போது நான் ஒருவன்தான். உன் அக்கா குடும்பமும் என் தம்பிமாரும் கப்பலேறி இந்தியா போய்விட்டார்கள். பக்கத்துக் காம்பராவில் இருப்பவர்கள் நல்ல பிள்ளைகள்தான். உன் பெயரைச் சொன்னால், "அது யாரு தாத்தா?" என்று கேட்பார்கள். ஆனால் பதிலைக் கேட்க நிற்கமாட்டார்கள். அதனால் உனக்கே எழுதுகிறேன்.

நான் மலையில் தேயிலைச் செடிக்குக் கவ்வாத்து வெட்டினேன். நீ ஆலையில், அந்த ஸ்டோரில், தேயிலை சலிக்கிற இடத்தில் நின்றாய். அந்தத் தூள் உனக்கு ஆகவில்லை. சின்ன வயதிலிருந்தே இழுப்பு. ஸ்டோருக்குப் போன பிறகு நீ மூச்சு விடுகிற சத்தம் சுவருக்கு இந்தப் பக்கம் படுத்திருக்கும் எனக்கும் கேட்கும். மாசி மாதம் காமன் கூத்து நடக்கும்போது நீ தப்படிக்கிறவர்களுக்குப் பக்கத்தில் துண்டைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருப்பாய். ஒல்லி உடம்பும் கீச்சுக் குரலும் வாய்த்த குற்றத்துக்காக என்னை வருஷா வருஷம் மீசையை வழிக்கவைத்து, சேலை கட்டி, ரதியாக ஆடவிட்டார்கள். மறுநாள் நீ ஸ்டோர் வாசலிலிருந்து, "என்னா ரதி, புருஷன் எரிஞ்சிட்டானா?" என்று கத்துவாய். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஆனால் கேலி பண்ணுகிற உன் கண் எங்கே இருந்தது என்று எனக்குத் தெரியும். சிவனின் தவத்தைக் கலைக்கப் போகிற காமனாக ஒரு தடவையாவது கரும்பு வில்லைப் பிடித்துவிட வேண்டும் உனக்கு. இழுப்புக்காரனுக்கு யார் வேடம் கொடுப்பார்கள்?

அப்போதுதான் உன் இழுப்புக்கு இந்த மாத்திரை வந்தது. சில மாதத்திலேயே நீ ஆளே மாறிப்போனாய். மூச்சு இறங்கியது, பசி எடுத்தது, ஒட்டிக்கிடந்த கன்னம் உருண்டு திரண்டது. லயத்துப் பெண்கள் எல்லாம் "மாப்பிள்ளைக் களை வந்துருச்சு" என்றார்கள். அந்த மாசியில் கூத்து மாஸ்டர் உன் தாடையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்துவிட்டு, "இந்தா இருக்கு பாரு, பௌர்ணமி மாதிரி மூஞ்சி. இவன்தான்யா காமன்" என்றார். நீ அழுதுவிட்டாய். நானும்தான்.

காப்புக் கட்டிய அன்றே வம்பு தொடங்கியது. மஞ்சள் கயிறு மணிக்கட்டில் ஏறிவிட்டால் மாமிசம் கிடையாது, சாராயம் கிடையாது, ஒரு வேளைச் சாப்பாடுதான். அதெல்லாம் சரி. நீ மாத்திரையையும் நிறுத்திவிட்டாய். மருந்து கொடுக்கிற தோட்டத்து டிஸ்பென்சர் என்றைக்கோ பெருமையடித்துக்கொண்ட பேச்சு உன் மனதில் கிடந்திருக்கிறது: "லேசுப்பட்ட மருந்து இல்லடா, மாட்டுப் பித்தத்துலேருந்து எடுக்கிறாங்களாம்."

"மருந்துக்குத் தோஷமில்லடா, போடு" என்றேன்.

"காப்புக் கட்டிக்கிட்டு மாட்டுப் பித்தத்த முழுங்கச் சொல்றியா?"

"யாருக்குத் தெரியப்போவுது?"

"எனக்குத் தெரியுமே. காமனுக்குத் தெரியுமே." பிறகு என் தோளில் தட்டிச் சிரித்தாய். "வெரதம் முடிஞ்சதும் போட்டுக்குறேன் மச்சான். மூச்சு நல்லாத்தான இருக்கு."

நல்லாத்தான் இருந்தது. அதனால்தான் உன்னை மடக்க எனக்கு வழி கிடைக்கவில்லை. ஒவ்வொரு நாளும் கேட்டேன், நீ ஒவ்வொரு நாளும் அதையே சொன்னாய். போகப் போக உன் பேச்சு குறைந்தது. சாப்பிட்டது வயிற்றில் தங்கவில்லை. விரதக் களைப்பு என்றார்கள்.

காமனை எரிக்கிற நாள் பகலில் நாம் லயம் லயமாகச் சுற்றி வந்தோம். வெயில் நன்றாக ஏறியிருந்தது. கோயில் பக்கத்து லயத்து வாசலில் உன் வில் கீழே விழுந்தது. நீ தள்ளாடினாய், கண் மேலே செருகியது, உடம்பு நடுங்கியது. கூட்டம் இரண்டடி பின்னால் போய்க் கையைக் கூப்பியது. யாரோ சூடம் கொளுத்தினார்கள். "அருள் வந்துருச்சு, தொடாதீங்க!" என்றார் மாஸ்டர். நான் உன் கையைப் பிடித்தேன். அருள் வந்தவர்களை நான் எத்தனையோ தடவை தாங்கிப் பிடித்திருக்கிறேன்; கொதிப்பார்கள். உன் கை தொப்பலாக வேர்த்து, சில்லிட்டிருந்தது.

"ஐயோ, கை சில்லுன்னு இருக்கே, யாராச்சும் வந்து பாருங்களேன்!" என்று கதறினேன்.

காமனைப் போகவிடாமல் ரதி தடுத்து அழுகிற கட்டம் கூத்தில் உண்டு. சேலையும் வளையலுமாக நான் அழுததைக் கேட்டு பெண்களெல்லாம் சேர்ந்து அழுதார்கள். "ரதிக்கும் அருள் வந்துருச்சு" என்று ஒருத்தி என் காலைத் தொட்டுக் கும்பிட்டாள். அந்த நேரம் எனக்கு இருந்த தனிமை போல எந்தக் காட்டிலும் யாருக்கும் இருந்திருக்காது. தலையில் வைத்திருந்த சவுரியைப் பிய்த்து எறிந்துவிட்டு, வாய்க்கு வந்த கெட்ட வார்த்தையெல்லாம் சொல்லித் திட்டினேன். அப்புறம்தான் நான் நடிக்கவில்லை என்று அவர்களுக்குப் புரிந்தது. தேயிலை லொறியில் டிக்கோயா ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். வழியிலேயே என் மடியில் நீ அடங்கிவிட்டாய். கன்னத்தில் பூசின அரிதாரம் அப்படியே இருந்தது.

சாமி கூப்பிட்டுக்கொண்டது என்றார்கள். தோட்டத்துக்கு அந்தப் பதில் போதும். எனக்குப் போதவில்லை. சாமி மேல் வராத கோபம் உன்மேல் வந்தது. ஒரு மாத்திரைக்குப் பிடிவாதம் பிடித்து என்னைத் தனியாக விட்டுவிட்டுப் போனாயே என்று வருஷக்கணக்காக மனதுக்குள் உன்னோடு சண்டை போட்டேன்.

போன மாதம் இந்த மாத்திரையை எழுதிக் கொடுத்த டாக்டர் பிள்ளை, நம் பக்கத்துத் தோட்டத்துக் கொழுந்து பறிக்கிறவளின் மகள். "நீங்களா நிப்பாட்டிடாதீங்க தாத்தா" என்றாள். ஏன் என்று கேட்டேன். அவளுக்குப் பொறுமை அதிகம்.

"ஒடம்பு பூரா சின்னச் சின்ன அறைங்க தாத்தா, செல்லுன்னு சொல்லுவோம். சில மருந்து வெளியவே நின்னு கதவத் தட்டும். இது கொழுப்புல கரையிற சாமான், சுவத்துக்குள்ளயே பூந்து போயிடும். உள்ள இதுக்குன்னு ஒரு கூட்டாளி காத்திருப்பான். ரெண்டு பேருமா சேந்து நடு அறைக்குப் போயி, எந்த வேலைய நடத்தணும், எத நிறுத்தணும்னு உத்தரவு போடுவாங்க. அதான் ஒடனே தெரியாது, நேரமெடுக்கும்."

"பெரட்டுல ஆள நிக்கவச்சு வேலை பிரிச்சுக் குடுக்கிற மாதிரியா?"

அவள் சிரித்தாள். "அதேதான். காலையில பெரட்டுல சொல்றது சாயந்தரம்தான மலையில தெரியும்?"

இந்தச் சரக்கை உடம்பே செய்துகொள்ளுமாம், சிறுநீரகத்துக்கு மேலே ஒரு சின்னச் சுரப்பியில். வெளியிலிருந்து தினமும் வந்து இறங்கினால் அது வேலையை விட்டுவிட்டு உட்கார்ந்துவிடும். மாத்திரையைத் திடீரென்று நிறுத்தினால் இதுவும் இல்லை, அதுவும் இல்லை. அது விழித்துக்கொள்ள நாளாகும். அந்த நேரத்தில் பட்டினி, அலைச்சல் என்று வந்தால் ரத்த அழுத்தம் விழுந்து ஆளே போய்விடலாமாம். முகம் உருண்டு வருவதும் இந்த மருந்தின் வேலைதானாம். அதற்கு நிலா முகம் என்று அவர்களிடம் பெயரே இருக்கிறது.

"அந்த நேரம் கை சில்லிடுமா?" என்று கேட்டேன்.

அவள் எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். "வேர்த்துச் சில்லிடும். யாருக்கும் அப்படி ஆச்சா தாத்தா?"

"பழைய கூட்டாளி ஒருத்தனுக்கு." மாட்டுப் பித்தக் கதையையும் சொன்னேன். ஆரம்பத்தில் அப்படித்தான் செய்தார்கள், பிறகு ஏதோ காட்டுக் கிழங்கிலிருந்தும் செய்தார்கள் என்றாள். ஆக, நீ ஒதுக்கிவைத்தது மாடா கிழங்கா என்பதுகூட யாருக்கும் தெரியாது. இதற்காகவாடா?

வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்தேன். உன்மேல் வைத்திருந்த கோபம் போய்விட்டது. நீ பிடிவாதக்காரன்தான், ஆனால் பிடிவாதத்துக்கு உயிர்போகும் என்று உனக்கு யாரும் சொல்லவில்லை. நிம்மதியாக இருக்கும் என்றுதான் நினைத்தேன். இல்லை. இத்தனை வருஷமாக எனக்குப் பேச்சுத் துணை அந்தச் சண்டைதான்.

நீ போன பிறகு நடந்ததை உனக்கு யார் சொல்லியிருப்பார்கள்? நீ இல்லாமலே அன்றிரவு காமனை எரித்தார்கள். மூன்றாம் நாள் அவனை எழுப்ப வேண்டும் அல்லவா. சாவுத் தீட்டைப் பற்றிப் பேசினார்கள்; காப்புக் கட்டிய கூத்தை நடுவில் நிறுத்தக்கூடாது என்று முடிவாயிற்று. மாஸ்டர் என் காம்பரா வாசலில் வந்து நின்றார். "எரிஞ்ச காமன அப்படியே விட்டா தோட்டத்துக்கு ஆகாதுப்பா. நீ அழுதாத்தான் அவன் எந்திரிப்பான்." உன் சித்தப்பா மகனுக்கு வேடம் கட்டி, வெள்ளைத் துணியைப் போர்த்திப் படுக்கவைத்தார்கள். நான் சேலை கட்டிக்கொண்டு போய் அழுதேன். சிவன் வேடக்காரர் திருநீற்றைத் தூவினார். துணி அசைந்தது. பையன் எழுந்து உட்கார்ந்தான். தப்பு முழங்கியது, பெண்கள் குலவை போட்டார்கள்.

புருஷன் உயிரோடு வந்ததைப் பார்த்து ரதி சிரிக்க வேண்டிய இடம் அது. தோட்டமே என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றது. சிரித்தேன், மச்சான்.

அதன் பிறகு நான் வேடம் கட்டவில்லை. அந்தச் சிரிப்பை மட்டும் கழற்ற முடியவில்லை. பக்கத்துக் காம்பராப் பிள்ளைகள், "எப்படித் தாத்தா இருக்கீங்க?" என்று கேட்டுக்கொண்டே போகும்போது அதைத்தான் காட்டுகிறேன்.