ஓல்ஸ்போ மழை ஜாடியில் கிணற்று நீர் சேர்ந்தது குறித்து

அனுப்புநர்:
ஹில்டிங் நூர்டின்,
மழைமானிப் பொறுப்பாளர்,
ஓல்ஸ்போ கிராமம், ஸ்வீடன்.

பெறுநர்:
மழை மாதிரிப் பரிசோதனை அலுவலர் அவர்கள்,
கேவ்லே.

பொருள்: மாடுகளை மேய்ச்சலுக்கு விடத் தந்த அனுமதியைச் சனிக்கிழமைக்குள் நிறுத்தக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. நான் ஆறாம் வகுப்போடு நின்றவன். ஆனாலும் மேகத்தின் அடிவயிற்றைப் பார்த்தே எத்தனை மில்லிமீட்டர் என்று சொல்லிவிடுவேன். முப்பது ஆண்டுகளாக இவ்வூர் மழையை அளந்து வருகிறேன். (சரியாகச் சொன்னால் இருபத்திரண்டு.)

2. மாதந்தோறும் தேவாலயக் கூடத்தில் காப்பி குடிக்கையில் ஆற்றின் இருகரை ஊர்களின் மழைக்கணக்கையும் உரக்க வாசிப்பார்கள். ஏழாண்டுகளாக ஓல்ஸ்போதான் முதலிடம். அக்கரையில் மழை அளக்கும் வால்ஃப்ரிட், "ஏய்யா ஹில்டிங், மேகத்தைத் தொழுவத்துல கட்டிப் போட்டுத் தீனி வைக்கிறியா?" என்று ஊர் சிரிக்கக் கேட்பார்.

3. கட்டவுமில்லை, தீனி வைக்கவுமில்லை. கிணற்று நீர் ஊற்றினேன். ஏப்ரல் 29 அன்று பெய்தது ஒன்பது மில்லிமீட்டர். அதை இருபத்தேழாக்கி, அந்த ஜாடியையே தங்களுக்கு அனுப்பினேன். செர்னோபில் அணு உலையின் தூசி அம்மழையில் இறங்கியிருப்பதோ, அதைத்தான் தாங்கள் தேடப்போவதோ அன்று எனக்குத் தெரியாது.

4. சென்ற வாரம் தங்கள் கடிதம் வந்தது. என் தங்கை மகள் ஏவோர் அதை ஆட்டிக்கொண்டே ஓடிவந்தாள். "மாமா, நம்ம மழையில அவ்வளவா ஒண்ணுமில்லையாம்! மாட்டை அவுத்து விடலாமாம். எல்லாம் உங்க ஜாடி பண்ணின புண்ணியம்!" என்றாள். நான் வாய் திறக்கவில்லை. என் வாய் மூடியிருந்தது என்றால் ஊரில் யாரும் நம்பமாட்டார்கள்.

5. வால்ஃப்ரிட்டின் ஜாடியில் அந்தத் தூசி எங்களுடையதைப் போல் மூன்று மடங்கு. அவர் ஊர் மாடுகள் இன்னும் உள்ளேயே நிற்கின்றன. நடுவில் ஓடும் ஆறு, வாலிபத்தில் நான் தோளில் கன்றுக்குட்டியோடு நீந்திக் கடந்தது. அவ்வளவுதான் அகலம். இருகரையிலும் பெய்தது ஒரே மழை.

6. வரும் சனிக்கிழமை ஏவோரின் பதினோரு மாடுகளும் குளிர்காலம் முடிந்து வெளியே துள்ளிக் குதிப்பதைப் பார்க்க ஊரே வரும். ரொட்டிகூடச் சுட்டு வைத்துவிட்டாள். திங்கள் முதல் அந்தப் புல் பாலாகும். அவளுடைய பத்து மாதக் குழந்தை குடிப்பது அந்தப் பாலைத்தான்.

7. ஆகவே, அனுமதியை உடனே நிறுத்தி, ஏவோரின் புல்லையும் இத்துடன் உள்ள நீரையும் சோதிக்கும்படி பணிவுடன் வேண்டுகிறேன். ஏழாண்டு முதலிடத்தையும் வால்ஃப்ரிட் பெயருக்கு மாற்றிவிடலாம். ஏவோரிடம் இன்று மாலை நானே சொல்லிவிடுகிறேன். அதற்குத் தங்கள் உதவி தேவையில்லை.

இடம்: ஓல்ஸ்போ
நாள்: 21.5.1986

இப்படிக்கு,
ஹில்டிங் நூர்டின்
(ஒப்பம்)

இணைப்பு: ஏப்ரல் 29 மழை, கூரைப் பீப்பாயிலிருந்து ஒரு புட்டி. இதில் நான் எதையும் சேர்க்கவில்லை.