இல்லாத ராசாவின் நாடு

நோத்ர-டாம்-த-கிரேஸ்,
மார்ச் 3, 2025

அன்பான அண்ணைக்கு,

மாதா புண்ணியத்தில் நாங்கள் சுகம். நீங்களும் அண்ணியும் சுகமாக இருக்க மன்றாடுகிறேன். போன் எடுத்தால் வைத்துவிடுவீர்கள். கடிதத்தைக் கிழிப்பதென்றாலும் ஒருமுறை வாசித்துவிட்டுத்தான் கிழிப்பீர்கள், எனக்கு உங்களைத் தெரியும்.

றொஷினிக்கு ஜூனில் கல்யாணம். அவளுடைய அப்பா இருந்தால் உங்களைக் கெஞ்சமாட்டேன். கோயிலில் பீடம் வரைக்கும் அவளைக் கைபிடித்துக் கூட்டிப்போகத் தாய்மாமன் நீங்கள்தான் இருக்கிறீர்கள். "மாமா வராட்டில் நான் தனியத்தான் நடப்பன்" என்று சொல்லிக்கொண்டு திரிகிறாள். உங்கள் பிடிவாதம் அப்படியே அவளிடம் இருக்கிறது.

நான் வேலை செய்கிற நூலகத்தில் இப்போது ஆப்பிரிக்காவின் பழைய வரைபடங்களை ஸ்கான் எடுக்கிறேன். ஐரோப்பாக்காரர் கீறியவை. எதியோப்பியாப் பக்கம் ஒரு ராசா கையில் சிலுவையோடு சிம்மாசனத்தில் இருக்கிறார். பெயர் பிரெஸ்டர் ஜோன். குருவும் அவரே, ராசாவும் அவரே. அப்படியொரு ஆளே இருக்கவில்லையாம்! மூக்கைப் பார்த்தால் அசல் நீங்கள்தான்.

பாசமுள்ள தங்கச்சி,
யோசெப்பின்


லொங்குய்ய்,
மார்ச் 11

யோசெப்பினுக்கு,

என் மூக்கை விடு. கல்யாணச் செய்தி வட்ஸ்அப்பில் வந்தது. தாய்மாமனுக்கு வட்ஸ்அப்பில் சொல்கிற வழக்கம் எந்த ஊரில்? எங்கள் ஆட்கள் வீட்டுக்கு வந்து வாயால் சொல்வார்கள்.

நாலு வருடத்துக்கு முந்தி, மார்கழியில், நான் இந்த வீட்டுக்குக் குடிபுகுந்தபோது உன் வாசலுக்கு வந்து சொன்னேன். நீ வரவில்லை. அதைக்கூட மறந்திருப்பேன். "அண்ணையின்ர வாசல்படி மிதிக்கமாட்டன்" என்று கோயில் மண்டபத்தில் எல்லோருக்கும் முன்னால் சொன்னாயாமே! உங்கள் கோயிலுக்கு வருகிற வலன்ரைன்தான் வந்து சொன்னான். நீ மிதிக்காத வாசல்காரன் எதற்கு உன் மகளின் கையைப் பிடிக்க?

பிள்ளைக்கு என் ஆசீர்வாதம். உன் கத்தரிக்காய்க் குழம்பைப் பற்றி அண்ணி இப்பவும் கதைக்கிறாள்.

டனிஸ்ரன்


நோத்ர-டாம்-த-கிரேஸ்,
மார்ச் 19

அன்பான அண்ணைக்கு,

வாசித்துவிட்டு அழுதேன். நீங்கள் கதைக்காமல் விட்ட காரணம் இப்போதுதான் தெரிந்தது. பிறகு கோபம் வந்தது. ஞாயிறு பூசை முடிய வலன்ரைனைப் பிடித்தேன். "எனக்கு அன்டன் அண்ணைதான் சொன்னவர்" என்றான். கோயில் வாசலில் நின்ற அன்டன் அண்ணையிடம் போனால், "எல்லாரும் கதைச்சவை, பிள்ளை" என்கிறார். அந்த எல்லாரிலும் என் வாயால் கேட்டவர் ஒருவருமில்லை!

அன்றைக்கு மண்டபத்தில் தேத்தண்ணி குடித்தபடி நான் சொன்னது இவ்வளவுதான்: "முழங்கால் சரியில்லை, இந்த ஐசுக்குள்ள அண்ணையின்ர வாசல்படி ஏற ஏலாது."

அந்த ராசாவின் கதையும் இதேதான். அவர் எழுதியதாக ஒரு கடிதம் ஐரோப்பாவெல்லாம் திரிந்ததாம். எழுதிய ஆள் இல்லை, கடிதத்துக்கு மட்டும் பிரதிக்கு மேல் பிரதி. முதலில் இந்தியாப் பக்கம் தேடினார்கள். காணவில்லை என்றதும் ராச்சியத்தை அப்படியே தூக்கி ஆப்பிரிக்காவில் வைத்தார்கள். எதியோப்பியாவில் கிறிஸ்தவ ராசாக்கள் இருந்தது உண்மை. மற்றதெல்லாம் வாய்க்கு வாய் வளர்ந்தது. அவர்களுக்காவது கடல் தாண்ட வேண்டியிருந்தது. எங்களுக்கு இடையில் ஒரு ஆறும் மெட்ரோவும்தானே, அண்ணை?

வட்ஸ்அப் றொஷினியின் அவசரம், அவளுக்கு முறை தெரியாது. மாதக் கடைசிச் சனிக்கிழமை நானே வந்து உங்கள் வாசலில் நின்று சொல்கிறேன். கதவைத் திறப்பது உங்கள் விருப்பம்.

தங்கச்சி,
யோசெப்பின்


லொங்குய்ய்,
மார்ச் 24

அன்பான தங்கச்சிக்கு,

சனிக்கிழமை நீ வராதே.

என் வாசலில் ஐஸ் இன்னும் கரையவில்லை. விழுந்து முழங்காலை உடைத்துக்கொண்டால் கல்யாண வேலையை யார் பார்ப்பது? உன் கடிதத்தை அண்ணிக்கு வாசித்துக் காட்டினேன். "தங்கச்சியை விட்டிட்டு வலன்ரைனை நம்பின மனுசன்" என்று என்னைக் கிழி கிழியென்று கிழித்துவிட்டாள்.

அந்த ராசாவின் படத்தை எடுத்து வை, மூக்கைப் பார்க்கவேண்டும். கத்தரிக்காயும் வாங்கி வை.

நேரில் வாயால் சொல்லவேண்டும் என்பதுதான் எங்கள் முறை. யாருடைய வாசலில் நின்று என்று ஒருவரும் சொல்லிவைக்கவில்லை. சனிக்கிழமை நான் உன் வாசலில் வந்து நிற்கிறேன். நீ கதவைத் திறந்து முறையாகச் சொல்லு. சொல்லி முடிய, "உள்ள வாங்கோ அண்ணை" எண்டும் சொல்லு.

உன்ர
அண்ணை