கால் மணி நேரத்தில் ஒரு போன்

மார்ச் 4, செவ்வாய்

இன்றைக்கும் அதே பாட்டு. கெஸ்ட் சாவி வாங்கிக்கொண்டு அறைக்குப் போன கால் மணி நேரத்தில் வரவேற்பு மேசையிலிருந்து நான் போன் பண்ண வேண்டும். "ரூம் திருப்தியா இருக்கா? வேற எதாவது வேணுமா?" எங்கள் மேலாளரின் கண்டுபிடிப்பு இது. முதுகுக்குப் பின்னால் நாங்கள் அவருக்கு வைத்திருக்கும் பெயரே 'திருப்தி சார்'தான். பாதிப் பேர் குளியலறையிலிருந்து சொட்டச் சொட்ட ஓடிவந்து எடுக்கிறார்கள். திருப்தியாம் திருப்தி!

மார்ச் 5

சார் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார். இந்த மாதம் என்மேல் ஒரு புகார் வந்தாலும் வேலை நிரந்தரம் ஆகாதாம். எத்தனை வருடத் தற்காலிகம் இது! சரி என்று தலையாட்டினேன்.

மார்ச் 9

வீட்டுக்காரருக்குச் சாப்பாடு போட்டுவிட்டு, "வேற எதாவது வேணுமா?" என்று கேட்டேனாம். "வேணாம் மேடம், ரூம் நல்லா இருக்கு" என்கிறார். எனக்குச் சிரிப்பே வரவில்லை.

மார்ச் 13, வியாழன்

இதை எழுதும்போதும் தோள் வலிக்கிறது.

மதியம் ஒரு பெண் கைக்குழந்தையோடு தனியாக வந்தாள். ராத்திரி முழுக்கப் பயணமாம், கண்ணெல்லாம் சிவந்து கிடந்தது. இவளுக்கு வேண்டியது தூக்கம், வேறொன்றும் இல்லை. கூப்பிடாமல் விட்டுவிடலாமா? சார் பக்கத்திலேயே நிற்கிறார். கூப்பிட்டேன். குழந்தை வீறிட்டது போனிலேயே கேட்டது.

செருப்புக்கூடப் போடாமல் இறங்கி வந்தாள். மேசைக்கு மேலாகக் குழந்தையை என் கையில் திணித்தாள். "இப்பத்தாங்க தூங்குச்சு. நீங்கதானே எழுப்புனீங்க? நீங்களே தூங்க வைங்க." திரும்பிக்கூடப் பார்க்காமல் லிஃப்டுக்குள் போய்விட்டாள்.

சார் எல்லாவற்றையும் பார்த்துவிட்டார். அவ்வளவுதான், வேலை போச்சு! தோளில் குழந்தை, மறு கையால் வந்தவர்களுக்குச் சாவி. அழுது ஓய்ந்து என் பேட்ஜைச் சப்பிக்கொண்டே தூங்கிப்போனது. சாயங்காலம் அவள் முகம் கழுவிக்கொண்டு வந்து, குழந்தையை வாங்கிக்கொண்டு போனாள்.

மார்ச் 14

அறையைக் காலி செய்துவிட்டாள். கருத்து எழுதித் தரும்போது அவள் முகத்தையே பார்த்தேன் — ஒன்றும் பிடிபடவில்லை.

மார்ச் 15

அவள் எழுதியதை சார் எல்லோருக்கும் படித்துக் காட்டினார். "குழந்தை பிறந்த பிறகு நேற்றுத்தான் நன்றாகத் தூங்கினேன். இவ்வளவு கவனிப்பை எங்கேயும் பார்த்ததில்லை." சாருக்குத் தலைகால் புரியவில்லை. போனைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை! அடிப்பாவி, அதையும் ஒரு வரி எழுதியிருக்கக் கூடாதா?

மார்ச் 31

நிரந்தரம் ஆகிவிட்டது! உத்தரவைக் கொடுத்த கையோடு சார் சொன்னார்: "இனிமே கைக்குழந்தையோட யார் வந்தாலும் நீங்களே கேட்டு வாங்கி வச்சுக்குங்க. கால் மணி நேரம் கழிச்சு ரூமுக்குப் போன் பண்ணி, திருப்தியான்னு கேட்டுடுங்க."

"முடியாது சார். குழந்தையை வேணா வச்சுக்கறேன். போன் பண்ண மாட்டேன், இனிமே யாருக்குமே."

நானா பேசினேன்? அவர் முறைத்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

இன்று முழுக்க ஒரு அறைக்கும் நான் கூப்பிடவில்லை. ஏன் கூப்பிடவில்லை என்று ஒருவரும் கேட்கவுமில்லை.