பலகைக்கு அடியில் மீன் இல்லை

அன்புள்ள தோவாவுக்கு,

உன்னைவிட ஆறே வயது மூத்தவள், உன் அப்பாவைக் கட்டிக்கொண்டு வந்து, சித்தி என்று சொல்லிக் கடிதம் எழுதுவது உனக்குப் பிடிக்குமோ என்னவோ, கோபித்துக்கொள்ளாதே. நகோயாவில் குளிர் தொடங்கியிருக்கும், உடம்பு நன்றாக இருக்கிறதா, தையல் வேலையில் கண் வலி குறைந்ததா? இங்கே நானும் அப்பாவும் உடம்புக்குக் குறையில்லாமல் இருக்கிறோம். ஆற்றில் வெள்ளத்தின் செந்தண்ணீர் வந்து நம் மிதவை வீடு உயர்ந்து நிற்கிறது, புளிக்குழம்பு வைத்தால் பாதி மிஞ்சுகிறது.

வீட்டுக்கு அடியில் கூண்டில் வளர்ந்த கெளுத்தியை எல்லாம் போன மாதம் பிடித்து, நான் வேலை பார்க்கும் மீன் ஆலைக்கே அப்பா படகில் கொண்டுவந்தார். அறுப்பதற்கு முன் மின்சாரத் தொட்டியில் மீன் நினைவிழந்ததா என்று பார்ப்பதுதான் அங்கே என் வேலை. அன்று மின்சாரம் குறைந்து, மீன்கள் செவுளை அடித்துக்கொண்டே கத்திக்குப் போயின. நிறுத்தச் சொன்னேன். மேஸ்திரி குவோய், அக்கா, சாகப்போற மீனுக்குத் தாலாட்டும் பாடுங்களேன் என்றார், எல்லாரும் சிரித்தார்கள். விசையை நானே இழுத்து நிறுத்திவிட்டேன். பழுது பார்க்கச் சாயங்காலம் ஆனது. வெயிலில் காத்துக்கிடந்த படகில் நம் மீன் பாதிக்கு மேல் மூச்சுமுட்டிச் செத்தது, செத்ததை ஆலை வாங்காது. கத்தி முன்னால் வந்ததைப் பார்த்தேன், படகில் இருந்ததை நினைக்கவில்லை. இனி அப்படி நடந்தாலும் நிறுத்தத்தான் செய்வேன், ஆனால் முதலில் படகை நிழலுக்குக் கொண்டுபோகச் சொல்லி ஓடுவேன்.

அப்பா, உங்க வீட்டுல முதல் பட்டம் நீதானே, மீனுக்கு வக்கீலாகத்தான் படிச்சியா என்று ஒரே ஒரு தடவை கேட்டார். அதற்குப் பிறகு என்னோடு பேச்சில்லை. பசித்தால் நாயைப் பார்த்து, டேய் கரியா, சோறு ஆச்சான்னு கேளு என்கிறார், நாயும் என்னைப் பார்க்கிறது. புதுக் குஞ்சு விட அவருக்கு மனம் வரவில்லை. தீனி போடும் வேளையில் மீன் துள்ளித் தரைப் பலகை அதிருமே, இப்போது அதிர்வதில்லை. நான் அதிகம் பேசாதவள்தான், ஆனாலும் அந்த வேளையில் இந்த வீட்டில் இருக்க முடியவில்லை.

உன் அம்மா படத்துக்குத் தினமும் ஊதுவத்தி ஏற்றுகிறேன், அவர் உனக்குத் துணையிருப்பார், நீ நோய்நொடியில்லாமல் இருக்க வேண்டும். கம்பளிக் காலுறை போடாமல் வெளியே போகாதே. ஞாயிற்றுக்கிழமை போனில் நீ அப்பாவோடு மட்டும் பேசிவிட்டு வைத்துவிடுவாய், அது தப்பில்லை. இந்த ஞாயிறு மட்டும், பேசி முடித்ததும், சித்தியைக் கூப்பிடுங்கப்பா என்று சொல்கிறாயா? என்னிடம் பேச உனக்கு ஒன்றும் இல்லாவிட்டாலும் பரவாயில்லை. அவர் என் பெயரைச் சொல்லிக் கூப்பிட வேண்டிவரும்.

உன் சித்தி,
தாம்