பேர் பொறிக்காத சோடா பாட்டில்கள்

786

விராலிமலை
21-2-1958

அன்பு மகன் காஜா மைதீனுக்கு அத்தா எழுதிக்கொள்வது. ஆண்டவன் கிருபையில் நானும் உன் அம்மாவும் தங்கை ரம்லத்தும் இங்கு சுகம், பம்பாயில் கண்ணாடி ஆலையில் வேலை பார்க்கும் உன் சுகத்துக்காக ஐந்து வேளையும் துஆ கேட்டுக்கொண்டிருக்கிறோம். உன் கடிதமும் பார்சலும் தைப்பூசத்துக்கு மறுநாள் கைக்கு வந்தன. பதினைந்து நாளாகப் பதில் போடவில்லை என்று கோபித்துக்கொள்ளாதே, சோம்பல் இல்லை. நம் சோடாக் கடையில் வேலை பார்க்கும் வயிரவன் கண்ணைப் பறித்த அந்த சோடா பாட்டில் என் கையால்தான் வெடித்ததா அத்தா என்று கடைசி வரியில் கேட்டிருந்தாய். மூன்று வருஷமாக ஊர்ப் பக்கமே தலைகாட்டாமல் இருப்பதும் அதனால்தான் என்று எழுதியிருந்தாய். அதற்குச் சரியான பதில் தெரிந்துகொண்டு எழுதலாம் என்றுதான் இருந்தேன். தெரிந்துகொண்டேன், சொல்கிறேன், கொஞ்சம் பொறு. உன் அத்தாவுக்கு நேரே விஷயத்துக்கு வரத் தெரியாது என்று உன் அம்மா சொல்வது சும்மா இல்லை.

நீ அனுப்பிய கண்ணாடிப் பாத்திரம் ஒரு கீறல் இல்லாமல் வந்து சேர்ந்தது. அடுப்பில் வைக்கலாம் என்று நீ எழுதியிருந்தும் உன் அம்மா விடவில்லை, ஏங்க புள்ள அம்புட்டுத் தூரத்துலேருந்து அனுப்புனதை நெருப்புல வச்சு ஒடைக்கணுமா என்று மடியில் வைத்துக்கொண்டாள். நான்தான் பிடுங்கிக் கரி அடுப்பில் வைத்தேன். தண்ணீர் கொதிப்பதும் தேயிலை விரிந்து நிறம் இறங்குவதும் வெளியிலிருந்தே தெரிந்தது, தெருவே வந்து பார்த்தது. இதைப் பார்த்துவிட்டுப் போன பக்கத்து வீட்டு அழகி என்ன செய்தாள் தெரியுமா, மறுநாள் பிள்ளைக்குப் பால் சுடவைக்கிறேன் என்று டானிக் பாட்டிலை அடுப்பில் ஏற்றிவிட்டாள். பால் எல்லாம் சாம்பலில், அவள் கையில் வெறும் கழுத்து. ஒங்க வீட்டுக் கண்ணாடி கொதிக்குது, எங்க வீட்டுக் கண்ணாடிக்கு மட்டும் என்ன கேடு வந்துச்சு என்று என்னிடமே சண்டைக்கு வந்தாள். நெருப்புத் தாங்குகிற கண்ணாடிக்கு வெண்காரம் சேர்த்து உருக்குவார்கள், மருந்து பாட்டிலும் விளக்குச் சிம்னியும் வேறு ஜாதிக் கண்ணாடி என்று ரம்லத் உன் கடிதத்தைப் பார்த்துச் சொன்னாள். அழகி நம்பவில்லை. நல்லவேளை பிள்ளை பக்கத்தில் இல்லை.

உன் கடிதத்தை ரம்லத் எங்களுக்கு நாலு தடவை வாசித்துவிட்டாள். மணலும் சோடா உப்பும் சுண்ணாம்புக் கல்லும் சேர்ந்தால் கண்ணாடி என்று வந்ததும் உன் அம்மா, நம்ம கோரையாத்து மணலு ஆகுமான்னு கேட்டு எழுதுங்க என்றாள். மணலில் இரும்பு கலந்திருந்தால் பாட்டில் பச்சையாகிவிடும் என்பது எனக்கு இந்த வயதில்தான் தெரிகிறது, நம் பாட்டிலுக்குச் சாயம் போடுகிறார்கள் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். ஈயம் சேர்த்தால் கனமாகித் தட்டினால் மணிபோல் ஒலிக்கும் என்கிறாய், ஜன்னலுக்கு வேறு மாதிரி தகடாக இழுப்பார்கள் என்கிறாய், உடைந்த கண்ணாடியையும் திரும்ப உலையில் போட்டால் சீக்கிரம் உருகும் என்கிறாய், எல்லாம் கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தக் குழலை வாயில் வைத்து உருகிய கண்ணாடியை ஊதுகிறேன் என்று எழுதினாய் பார், அன்றைக்கு உன் அம்மா சோறு சாப்பிடவில்லை. உலைப் பக்கம் நின்று வந்ததும் பச்சைத் தண்ணீரைக் குடிக்காதே, மோர் கிடைத்தால் உப்புப் போட்டுக் குடி.

இனி விஷயத்துக்கு வருகிறேன். ஊதி அச்சில் எடுத்த பாட்டிலை உடனே வெளியே வைக்கக் கூடாது, நீளமான அடுப்புக்குள் கொஞ்சம் கொஞ்சமாகச் சூடு குறைத்து ஆறவிட வேண்டும், அவசரப்பட்டு ஆறவைத்தால் பார்வைக்கு நன்றாக இருந்தாலும் கண்ணாடிக்குள் இழுப்பு அடங்காமல் தங்கிவிடும், ஒருநாள் தட்டாமல் தொடாமல் தானே வெடிக்கும் என்று எழுதியிருந்தாய். ரம்லத் அந்த இடத்தை வாசித்தபோது நிறுத்தி, திரும்ப வாசிக்கச் சொன்னேன் காஜா. அன்று நீ கேஸ் திருகில் நின்றாய், வயிரவன் மெஷினைச் சுற்றிப் பாட்டிலை வெளியே எடுத்தான், எடுத்த கையிலேயே வெடித்தது. கேஸை அளவு மீறி விட்டுட்டியேடா பாவி என்று நான் அத்தனை பேர் முன்னால் கத்தினேன். கத்திய பிறகுதான் மீட்டரைப் பார்த்தேன். முள் சிவப்புக் கோட்டுக்குக் கீழேதான் நின்றது. அப்புறம் தரையைக் கூட்டியதும் நான்தான். பாட்டிலின் அடித்துண்டைத் திருப்பிப் பார்த்தேன், கம்பெனி எழுத்து எதுவும் இல்லை. அதற்கு மூன்று மாதம் முன்பு மணப்பாறைச் சந்தையில் ஒரு வண்டிக்காரனிடம் மலிவாகக் கிடைக்கிறது என்று பேர் பொறிக்காத பாட்டில்கள் வாங்கிப் போட்டேனே, அதில் ஒன்று. மிச்சத்தை அன்றைக்கே எடுத்து விறகுக் கொட்டடியில் சாக்குப் போட்டு மூடிவைத்தேன். ஏன் மூடினேன் என்று கேட்டால் என்ன சொல்வேன், மனதுக்குள் எங்கோ தெரிந்திருக்கிறது. பாட்டில் என்றால் எல்லாம் பாட்டில்தானே என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன், நீ ரயிலேறிய அன்றும் வாயைத் திறக்கவில்லை.

நீ எழுதிய சோதனையைப் போன வாரம் செய்து பார்த்தேன். அந்தப் பாட்டில் இருபதும் கம்பெனி பாட்டில் இருபதும் எடுத்து, தொட்டால் சுரீரென்கிற வெந்நீரில் கொஞ்ச நேரம் போட்டுவைத்து, சாக்கால் மூடிய தொட்டியில் கிணற்றுத் தண்ணீருக்குள் இறக்கினேன். கம்பெனி பாட்டில் ஒன்றுகூட அசையவில்லை. சந்தைப் பாட்டில் பதினாலு படபடவென்று போயிற்று. மிச்சம் ஆறை நானே சம்மட்டியால் உடைத்துக் குழியில் போட்டேன். மறுநாள் வெள்ளிக்கிழமை, ஜும்ஆ முடிந்து வந்து, அன்று நான் கத்தியதைக் கேட்டவர்களையெல்லாம் சோடாக் கடைக்கு அழைத்தேன். தப்பு என் பாட்டில் மேல், என் மகன் கை மேல் இல்லை என்று வயிரவனைப் பார்த்துச் சொன்னேன். அவன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டான். இரண்டு நாள் வேலைக்கு வரவில்லை, வரமாட்டான் என்றே நினைத்தேன், வராவிட்டால் அவனைக் குறை சொல்ல எனக்கு என்ன யோக்கியதை.

மூன்றாம் நாள் வந்தான். வந்ததும் கேட்டது, காஜாவுக்கு எழுதிட்டீங்களா. இன்னும் இல்லை என்றேன். பன்னிரண்டு வருஷத்தில் அவன் என்னிடம் குரல் உயர்த்தியது அன்றைக்குத்தான். எனக்குப் போனது போச்சு, அந்தப் புள்ள நல்லது பொல்லாததுக்குக்கூட வராம அங்கிட்டே கெடக்கே, எங்கிட்டச் சொல்லி என்னங்க ஆகப்போகுது, மொதல்ல எழுதுங்க என்றான். இன்றைக்குத்தான் எனக்குக் கை வந்தது. இதோ எழுதும்போது எதிரிலேயே உட்கார்ந்திருக்கிறான்.

தகப்பன் மகனுக்கு நன்றி சொல்வது நம் வீட்டில் வழக்கமில்லை, நான் சொல்கிறேன். வீட்டைவிட்டுப் போனாலும் ஏன் வெடித்தது என்று தெரிந்துகொள்ளப் போனாயே, தெரிந்ததை என்னிடமே கேட்டாயே, அதற்கு. இனி நம் மெஷினில் சோதிக்காத பாட்டில் ஏறாது, சுற்றுகிறவனுக்குக் கம்பி வலை போட்ட முகமூடியும் செய்தாகிவிட்டது. ஆண்டவன் உனக்கு நீண்ட ஆயுளும் பரக்கத்தும் தரட்டும், உன் கையையும் கண்ணையும் காப்பாற்றட்டும். நோன்பு பிறக்க இன்னும் ஒரு மாதம்தான், பெருநாளுக்கு லீவு கேட்டு இப்போதே எழுதிக்கொடு, மறக்காதே. ரயில் விவரம் போடு, திருச்சி ஸ்டேஷனுக்கு நானே போறேன் நீங்க வர வேணாம் என்கிறான் வயிரவன்.

எழுதியதை வாசிக்கச் சொல்லி முழுதும் கேட்டான். எல்லாம் இருக்கு, கேஸ் சரியாத்தான் இருந்துச்சுன்னு இன்னொரு தடவை தெளிவா எழுதுங்க, அவன் அந்த எடத்தைத்தான் தேடுவான் என்கிறான். எழுதுகிறேன். கேஸ் சரியாகத்தான் இருந்தது, காஜா.

உன் அத்தா,
ம. பக்கீர் முகமது