பேர் சொல்லிக் கூப்பிட்ட குரல்

ஏனுங்க,

நீங்கள் போன் எடுக்கவில்லை, அதனால் எழுதுகிறேன். அம்மாவை டாக்டரிடம் காட்ட ராசிபுரம் போகிறேன். நேற்றைய சண்டைக்காகப் போவதாக நினைக்க வேண்டாம். அரிசியும்பருப்புச் சாதம் குக்கரில் இருக்கிறது, தயிர் ஃபிரிட்ஜில்.

உங்கள் தன்னம்பிக்கைப் புத்தகத்தில், தினமும் கண்ணாடி முன்னால் நின்று தன் பேரைத் தானே சத்தமாகக் கூப்பிடச் சொல்கிற பாடத்தை விட்டுவிடுங்கள். தன்னம்பிக்கை வந்ததோ இல்லையோ, வேறு ஏதோ வந்துவிட்டது.

பட்டாளக்காரர் ஒருவர் எழுதி, நான் இப்போது படிக்கிற புத்தகத்தில் ஓர் இடம் வருகிறது. எழுதியவர் நம் பக்கத்து ஆள். பனியில் காவல் நின்ற அவருடைய ஊர்க்காரரை, சம்சாரத்தின் குரல் பேர் சொல்லிக் கூப்பிட்டதாம். நம் ஊரில் எந்தப் பெண்டாட்டி அப்படிக் கூப்பிடுவாள் என்று யோசிக்காமல், “வாரேன்” என்று எழுந்து போனவர் திரும்பவே இல்லை.

இன்று நீங்கள் போர்வெல் ரிக் வண்டி ஷெட்டுக்கு வேலைக்குப் போன பிறகு, கண்ணாடி இருக்கிற அறையிலிருந்து உங்கள் பேர் கேட்டது. என் குரல். நானோ அடுப்படியில் கொண்டை ஊசியைப் பல்லில் கடித்துக்கொண்டு தலை முடிந்துகொண்டிருந்தேன்.

கண்ணாடியைப் போர்வையால் மூடியிருக்கிறேன். எடுக்காதீர்கள். சாயங்காலம் வந்து “ஏனுங்க” என்றுதான் கூப்பிடுவேன். வேறு எப்படிக் கூப்பிட்டாலும் கதவைத் திறக்க வேண்டாம்.

தனப்பிரியா

எழுதி முடித்த பிறகுதான் உறைத்தது. நேற்று, “என்ன புள்ள, இன்னிக்குப் பேரெல்லாம் சொல்லிக் கூப்பிடறே” என்று சிரித்தீர்களே. கிண்டல் செய்கிறீர்கள் என்று சண்டைக்கு வந்தேன். கூப்பிட்டது நான் இல்லைங்க. அதற்கு நீங்கள் “வாரேன்” என்று சொல்லவில்லைதானே?