நாற்பதுக்குள் ஒரு பாட்டு

1974 பிப்ரவரி 5, செவ்வாய்

பழம் தரம் பிரிக்கிற ஷெட்டில் லீவு சொல்லிவிட்டு அடிலெய்டு போனேன். அனுப்பியது வெர்ன் மேடர்ன். என் பாட்டை வெளியிட்டவர். கம்பெனி என்றால் அவரும் ஒரு மேஜையும் ஒரு டெலிபோனும்தான். "என் மூஞ்சியைப் பார்த்துப் பார்த்து அவங்களுக்கு அலுத்துப் போச்சு. நீயே போ ட்ரூடி. பாடினவளே வந்து நின்னா மாட்டேன்னு சொல்ல வாய் வராது" என்றார்.

நன்றாகவே வாய் வந்தது.

செவ்வாய்க்கிழமைதான் அந்த ரேடியோ ஸ்டேஷனில் புதுப் பாட்டு கேட்கிற நாள். மாடி நடையில் சிட்னி, மெல்போர்ன் கம்பெனி ஆட்கள் மடியில் இசைத்தட்டும் காலடியில் பியர் பெட்டியுமாக வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். பெண் என்று நான் ஒருத்திதான். ஸ்டேஷனில் வேலை செய்கிறவள் என்று நினைத்து ஒருவன் என்னிடம் காபி கேட்டான். பாட்டுகளைத் தேர்ந்தெடுக்கும் டெஸ் ராஃபர்ட்டி ஊசியை வைத்தார். முதல் சரணம் முடிவதற்குள் எடுத்துவிட்டார்.

"நல்லாத்தான் இருக்கு. ஆனா இந்த வாரம் ஒரு பொம்பளைப் பாட்டு எடுத்தாச்சே."

"ஒண்ணுதான் எடுப்பீங்களா?"

"அடுத்தடுத்து ரெண்டு பொம்பளைங்க பாடினா கேக்கறவன் ஸ்டேஷனைத் திருப்பிடுவாம்மா. அதோட, இஸ்திரிப் பெட்டியைப் பத்தின பாட்டை எவன் கேப்பான்?"

'இஸ்திரி சூடாகும் வரை' என்பது பாட்டின் பெயர். நானே எழுதியது. பெட்டி சூடேறுகிற அந்தக் கொஞ்ச நேரத்தில் சமையலறையில் தனியாக ஆடிக்கொள்கிற ஒருத்தியின் பாட்டு. அழுகைப் பாட்டு இல்லை, நல்ல துள்ளல். அவர் அந்தத் துள்ளல் வருகிற இடம் வரை கேட்கவே இல்லை!

வெர்ன் கெடு வைத்திருக்கிறார். ஈஸ்டருக்குள் இந்த ஸ்டேஷன் வாராவாரம் போடுகிற நாற்பது பாட்டுப் பட்டியலுக்குள் வரவேண்டும். வராவிட்டால் இரண்டாவது பாட்டுப் பதிவு கிடையாது. எனக்கு முப்பத்தொன்று. இன்னொரு வெர்ன் வந்து என் கதவைத் தட்டப் போவதில்லை. ஆயுசு பூராவும் காய்ந்த ஆப்ரிகாட்டைத் தரம் பிரித்துக்கொண்டு உட்கார வேண்டியதுதான்.

பிப்ரவரி 6

எவன் கேப்பானாம்! இன்னும் கோபம் ஆறவில்லை.

பிப்ரவரி 12, செவ்வாய்

மறுபடி போனேன். அம்மா நேற்றே ஒரு தட்டு நிறைய வெண்ணெயும் மாவும் உதிர்த்துத் தூவிய கேக் சுட்டுக் கொடுத்தாள். "பியரை விட இது உசத்தி. எங்க சர்ச் சங்கத்துல இந்த எல்சா சாண்டர் சுட்ட கேக்குன்னா பாதிரியாரே ரெண்டாவது துண்டு கேப்பார்."

டெஸ்ஸும் கேட்டார். மூன்றாவது துண்டும் கேட்டார். பாட்டைக் கேட்கவில்லை. போன வாரப் பெண் இன்னும் பட்டியலில் இருக்கிறாளாம், அவள் இறங்கட்டுமாம்.

வீட்டுக்கு வந்தால் என் புருஷன் கீத் திராட்சை வெட்டிவிட்டு முழங்கை வரை பிசுபிசுப்போடு நிற்கிறான். "என்ன மகாராணி, கேக் எத்தனாவது இடம்?" என்றான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அப்புறம் அவனே காலி தட்டைக் கழுவி வைத்தான்.

பிப்ரவரி 19

போனேன். இல்லை.

பிப்ரவரி 23, சனி

இன்று நல்ல செய்தி! ஹெர்ப் லிண்ட்னர் கடையில் என் இசைத்தட்டு ஒன்றுகூட மிச்சம் இல்லை. எங்கள் ஊர் டனுண்டாவில் ஃபிரிட்ஜ் விற்கிற கடை. பின்பக்கம் ஒரு அலமாரியில் இசைத்தட்டும் வைத்திருப்பார். அத்தைகள், பாடகர் குழு, பித்தளை வாத்தியக்காரர்கள் என்று ஊரே வாங்கியிருக்கிறது. தட்டு தீர்ந்ததும் வெர்னுக்குப் போன் செய்து இன்னொரு பெட்டி வரவழைத்து அதையும் விற்றுவிட்டார். "ரெண்டு நாளா ஒரு ஃபிரிட்ஜ் கூட விக்கல, உன் பாட்டுதான் வித்துது" என்றார்.

இத்தனை விற்றால் நாற்பதுக்குள் வராமல் எங்கே போகும்?

பிப்ரவரி 25, திங்கள்

ஜாய்லீனுக்குப் போன் செய்தேன். பாட்டில் எனக்குப் பின்குரல் பாடியவள், பகலில் அடிலெய்டு ரண்டில் தெருவில் இசைத்தட்டுக் கடையில் நிற்கிறாள். பெருமையாகச் சொன்னேன்.

"ஹெர்ப் லிண்ட்னரா? அடிப்பாவி, ஸ்டேஷன்காரங்க அந்தக் கடைக்குப் போனே பண்ண மாட்டாங்களே!"

திங்கட்கிழமை காலை ஸ்டேஷனிலிருந்து ஒரு பெண் நகரத்தில் பத்துப் பன்னிரண்டு கடைகளைக் கூப்பிட்டு, போன வாரம் எது அதிகம் போயிற்று என்று கேட்பாளாம். அதை வைத்துத்தான் நாற்பதும். அது வெள்ளிக்கிழமை அச்சாகி வரும். அந்தப் பன்னிரண்டில் இல்லாத கடையில் ஊரே கூடி வாங்கினாலும் கணக்கில் சைபர்தான்.

"எங்க கடையில உன்னோடது நாலு வந்துச்சு. நாலும் அப்படியே இருக்கு" என்றாள்.

அம்மாவிடம் சொன்னேன். "எந்தெந்தக் கடைன்னு சொன்னா அவ?" என்று கேட்டாள். சொன்னேன். கேட்டுக்கொண்டே மாவு பிசைந்தாள். ஏமாற்றம் போல.

மார்ச் 4, திங்கள்

ஜாய்லீன் மூச்சு வாங்க ஷெட்டுக்கே போன் செய்தாள். சனிக்கிழமை காலை கடைக்கு ஒரு பஸ் வந்ததாம்! டனுண்டா தேவாலயப் பெண்கள் சங்கம், ஞாயிற்றுக்கிழமைத் தொப்பியோடு. முந்தின நாளே அம்மா போன் செய்து "நிறைய வாங்கி வை பொண்ணே" என்று சொல்லியிருக்கிறாள். கடைகள் மூடுவதற்குள் நாலு கடை ஏறி இறங்கியிருக்கிறார்கள்.

"எங்க கடையில நீதான் ரெண்டாவது இடம். ஸ்டேஷன் பொண்ணுகிட்ட சொல்லிட்டேன். நான் ஒண்ணும் பொய் சொல்லல, வித்ததைத்தானே சொன்னேன்!"

சனிக்கிழமை பூக்கண்காட்சிக்குப் போகிறேன் என்றாளே அம்மா.

திட்டவேண்டும் என்று போனேன். கட்டிக்கொண்டு வந்தேன்.

மார்ச் 8, வெள்ளி

ஹெர்ப் கடையில் ஸ்டேஷன் தாளை வாங்கி மேலிருந்து கீழே, கீழிருந்து மேலே பார்த்தேன். இல்லை. நாற்பதாவது இடத்தில்கூட இல்லை.

மார்ச் 12, செவ்வாய்

நடையில் காத்திருக்கவில்லை. நேரே உள்ளே போனேன். டெஸ் என்னை எதிர்பார்த்திருந்தார் போல.

"உக்காரும்மா. நாலு கடைக்காரனும் சொன்னான். தொப்பி போட்ட கிழவிங்க வரிசையா வந்து ஒரே ரெக்கார்டு கேட்டாங்களாம். ஒருத்தி மூணு தடவை வரிசையில நின்னாளாம்."

அது என் அம்மா.

"இதுக்குப் பேரு என்ன தெரியுமா? தகிடுதத்தம். கம்பெனிக்காரங்களே இதைப் பண்ணுவாங்க, ஆனா பஸ் வச்சுப் பண்ண மாட்டாங்க. வித்ததைக் கணக்குலேருந்து அடிச்சுட்டேன். இனி இந்தப் பாட்டைக் கொண்டு வராதே."

நான் எழுந்து வரவில்லை. வந்திருந்தால் என்னை நானே மன்னித்திருக்க மாட்டேன்.

"காலையில ஒன்பதுலேருந்து மூணு வரைக்கும் உங்க ஸ்டேஷனை யார் கேக்கறாங்க?" என்றேன்.

"வீட்டுல இருக்கற பொம்பளைங்க."

"சோப்பு, மாவு, மார்ஜரின் விளம்பரமெல்லாம் யாருக்கு?"

"அவங்களுக்குத்தான். ஆனா அவங்க ரெக்கார்டு வாங்க மாட்டாங்கம்மா. பசங்கதான் வாங்குவாங்க."

"வாங்கினாங்களே! நீங்கதானே அடிச்சீங்க!"

அவர் கதவைக் காட்டினார்.

அதே நாள், இரவுச் சாப்பாட்டுக்குப் பின்

அம்மாவோடு பெரிய சண்டை. உன்னால்தான் எல்லாம் கெட்டது, என் பேரே நாறிப்போச்சு, யாரு உன்னைக் கேட்டா, எதுக்கு மூணு தடவை நின்ன என்று கத்தினேன்.

"எனக்கு ஒண்ணு, உன் ரெண்டு தங்கச்சிக்கும் ஆளுக்கு ஒண்ணு. மொத்தமாக் கேட்டா சந்தேகப்படுவாங்கன்னு நினைச்சேன்."

"அப்போ தப்புன்னு தெரிஞ்சுதான் பண்ணியிருக்க!"

"என்னடி தப்பு? காசு குடுத்து வாங்கினோம். வீட்டுக்குக் கொண்டுவந்து கேக்கறோம். உன் ஹில்டா அத்தை தினம் காலையில போட்டு ஆடறா, இடுப்புவலி தைலத்தோட. பதினாறு வயசுப் பையன் பஸ் ஏறிப் போய் வாங்கினா அவன் ரசிகன். நாங்க போனா திருடிங்களா?"

எனக்கு அழுகை வந்தது. பாட்டை எழுதும்போது நான் நினைத்துக்கொண்டது ஹில்டா அத்தை மாதிரி ஒருத்தியைத்தானே? அவள் வாங்கியது கணக்கில் சேராது என்கிற மாதிரி நானே பேசிவிட்டேன்.

மார்ச் 14

வெர்ன் போன் செய்தார். ஆறு மாசம் ஆறப் போடலாம் என்றார். மாட்டேன் என்றேன். ஈஸ்டர் வரை கெடு கொடுத்தீர்கள், ஈஸ்டர் இன்னும் வரவில்லை என்றேன்.

மார்ச் 21, வியாழன்

அம்மா சமையலறையில் சங்கத்தைக் கூட்டினாள். இந்தத் தடவை என்னையும் கூப்பிட்டாள். அந்த ஸ்டேஷனின் பத்து மணி நிகழ்ச்சியை விளம்பரக் காசு கொடுத்து நடத்துவது வெள்ளிக்கதிர் மாவுக் கம்பெனி. இந்தப் பள்ளத்தாக்கில் ஈஸ்டருக்குச் சுடுகிற கேக் எல்லாம் அந்த மாவுதான்.

"சண்டை போட வேண்டாம். மரியாதையாக் கேப்போம். எங்களுக்காகன்னு நடத்தற நிகழ்ச்சியில நாங்க வாங்கின பாட்டை ஏன் போடலன்னு. பதில் வர்ற வரைக்கும் வேற மாவு."

நான் ஒன்று சொன்னேன். எல்லாரும் அவரவர் பேரில், அவரவர் வீட்டிலிருந்து மாவுக் கம்பெனிக்குப் போன் செய்யவேண்டும். நான் யாருக்கு என்ன உறவு என்று கேட்டால் மறைக்கக் கூடாது. இனிமேல் ஒளிவு மறைவு வேண்டாம்.

"நான் அவ அம்மான்னே சொல்றேன். கூச்சமென்ன?" என்றாள்.

மார்ச் 27

மளிகைக் கடையில் வெள்ளிக்கதிர் மூட்டைகள் தொடாமல் அடுக்கி இருக்கின்றன. கடைக்காரர் என்னைப் பார்த்து, "உன் பாட்டால என் குடோன் நிறைஞ்சுபோச்சு, சீக்கிரம் ஜெயிச்சுத் தொலை" என்றார்.

ஏப்ரல் 2, செவ்வாய்

இன்று நான் போகவில்லை. டெஸ் போன் செய்தார்.

"மாவுக்காரன் என்னை ஒரு மணி நேரம் வறுத்தெடுத்துட்டான். உங்க அம்மா அவன் பொண்டாட்டிக்கே கேக் பக்குவம் சொல்லிக் குடுத்தாங்களாம். சரி. ஒரே ஒரு வாரம். பத்து மணிக்கு, தினம் ஒரு தடவை. யாரும் போன் பண்ணிக் கேக்கலைன்னா இத்தோட விடணும்."

"கேட்டா?"

"கேக்கட்டும், பாப்போம். ஆனா உங்க ஊர் போனெல்லாம் நான் எண்ண மாட்டேன்."

மாவால் உள்ளே போன பாட்டு என்று நடையில் இருக்கிற ஆட்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். பியரால் உள்ளே போன பாட்டெல்லாம் மட்டும் ரொம்ப யோக்கியமோ?

ஏப்ரல் 3, புதன்

ஷெட்டில் மேற்பார்வையாளர் ரேடியோவைத் தூக்கி மேஜை மேல் வைத்தார். பத்து மணி. என் குரல். கை ஆப்ரிகாட்டில் ஒட்டிக்கொண்டு நின்றுவிட்டது. துள்ளல் வரும் வரை போட்டார்கள், அதற்கு மேலும் போட்டார்கள், முழுசாகப் போட்டார்கள்.

அம்மா தடை போட்டிருக்கிறாள். சங்கத்தில் ஒருவரும் ஸ்டேஷனுக்குப் போன் செய்யக் கூடாது. ஹில்டா அத்தைக்கு விரல் துறுதுறுக்கிறதாம்.

ஏப்ரல் 8, திங்கள்

எங்களில் ஒருவரும் போன் செய்யவில்லை. ஆனாலும் போன் வருகிறதாம். டெஸ்ஸே சொன்னார், குரலே மாறிப்போயிருந்தது. போர்ட் அடிலெய்டு, எலிசபெத், கிளெனெல்க் என்று எனக்கு ஒரு சொந்தமும் இல்லாத இடங்கள். "ஒரு அம்மா அழறாங்க. நான் தினம் இதைத்தான் பண்றேன், யாருக்கும் தெரியாதுன்னு நினைச்சேன்னாங்க. அதுக்கு நான் என்ன பதில் சொல்றது?" என்று என்னைக் கேட்டார்.

மாலையில் ஜாய்லீன் போன் செய்தாள். சனிக்கிழமை அவள் கடையில் என் தட்டு தீர்ந்துவிட்டது, தொப்பி ஒன்றுகூட வரவில்லை.

ஏப்ரல் 11, வியாழன்

நாளை பெரிய வெள்ளி என்பதால் தாள் இன்றே வந்துவிட்டது. 29-ஆவது இடம்.

கீத் தாளை வாங்கிப் பார்த்தான். என்னைத் தூக்கி டிராக்டர் மேல் உட்கார வைத்துவிட்டு, திராட்சைத் தோட்டம் கேட்கிற மாதிரி ஒரு கத்து கத்தினான். அம்மா வெள்ளிக்கதிர் மாவு வாங்கக் கிளம்பிவிட்டாள்.

மே 18, சனி

இந்த வாரம் ஒன்பது. இரண்டாவது பாட்டுக்கு வெர்ன் ஜூனில் நாள் குறித்துவிட்டார். ஷெட்டை விடவில்லை, விடுகிற அளவுக்கு ஒன்றும் ஆகிவிடவில்லை.

இன்று ஸ்டேஷன் என்னை அடிலெய்டுக்கு வடக்கே ஒரு ஷாப்பிங் சென்டரில் பாட வைத்தது. மீன் கடைக்கும் செருப்புக் கடைக்கும் நடுவில் பலகை மேடை. பாட்டுக்காரன் வந்தால் பெண்பிள்ளைகள் வீறிடுவார்களே, அப்படி யாரும் இல்லை. எல்லாம் தள்ளுவண்டியில் உருளைக்கிழங்கும் சோப்புமாக வந்த பெண்கள். கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். ஒருத்தி முகத்திலும் சிரிப்பில்லை. தொலைந்தோம் என்று நினைத்தேன்.

இரண்டாவது வரியில் என் குரல் பிசிறியது. பாட்டை அவர்கள் எடுத்துக்கொண்டார்கள். கையைக் கட்டினபடியே, உதடு மட்டும் அசைய, அத்தனை பேரும் பாடினார்கள். ரேடியோவில் சில சமயம் வெட்டிவிடுகிற அந்தக் கடைசிச் சரணம் கூட ஒரு வார்த்தை பிசகவில்லை. ஓரத்தில் நின்ற டெஸ் மேடையைப் பார்க்கவே இல்லை, அவர்களையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குக் கண் நிறைந்துவிட்டது, துடைத்துக்கொள்ளவும் இல்லை. எனக்கு வேண்டியது இதுதான் என்று இன்றைக்குத்தான் தெரிந்தது.

முடிந்ததும் முன்வரிசையில் நின்ற ஒரு அம்மா வண்டியைத் தள்ளிக்கொண்டு கிட்டே வந்தாள்.

"அடுத்தது எப்பம்மா? சீக்கிரம் சொல்லு, ஐஸ்கிரீம் உருகுது."

ஜூனில் என்றேன்.